சாம்பார்க் கறை, சோப்பு மிச்சம், அரிக்கும் தோல்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குத் தோல் ரொம்ப மென்மை. சலவைத்தூளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. காட்டமான தூள் போட்டால் கறை போகிறது, ஆனால் கழுத்தும் இடுப்பும் அரிக்கிறது. சாதுவான தூள் போட்டால் அரிப்பு இல்லை, சாம்பார்க் கறை அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கிடையாதா?"

இருக்கிறது. அதற்கு முன்னால், தோலைத் தொடுவது எது என்று பார்த்துவிடலாம். வாளியில் கொட்டுகிற தூள் முழுவதும் உடம்புக்கு வருவதில்லை. அலசி, காயப்போட்டு, மடித்த பிறகும் நூலிழைகளுக்கு நடுவே தங்கிவிடுகிற மிச்சம்தான் நாள் முழுக்க வியர்வையில் ஊறித் தோலோடு உரசுகிறது. அக்குளின் ஓரம், இடுப்புப் பட்டி, காலர், முழங்கையின் உள்மடிப்பு என்று துணி இறுகுகிற இடங்களில் முதலில் அரிப்பது அதனால்தான். அக்குளின் நடுக்குழியில் மட்டும் அரித்தால் துணியைவிட, அங்கே பூசுகிற வாசனைப் பொருளின் மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நடுக்குழியில் துணி அவ்வளவாகப் படுவதில்லை.

மிச்சம் எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. சலவைத் தொழிலாளர்கள் யார் துணி எது என்று அடையாளம் வைக்க, சேங்கொட்டைச் சாற்றால் சின்னதாகக் குறி போடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குப் பின்கழுத்திலும் இடுப்பிலும் சிவந்து கொப்புளம் கிளம்பியது. மருத்துவர்கள் தேடிப் பார்த்தபோது, சட்டையில் குறி இருந்த இடமும் கொப்புளம் இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. சேங்கொட்டை மா, முந்திரி குடும்பத்து மரம். அதன் சாற்றில் உள்ள எண்ணெய்ப் பொருளை உடம்பின் எதிர்ப்பு மண்டலம் ஒருமுறை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு ஒரு புள்ளி அளவு பட்டாலே போதும்.

இது ஒவ்வாமை. எரிச்சல் வேறு. எரிச்சல் யாருக்கும் வரலாம். அளவு கூடினால் கூடும், குறைந்தால் குறையும். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சலவைத்தூள் கரைசல் 10-ஐ ஒட்டி நிற்கிற காரம். நுரைப்பொருள்கள் துணியில் எண்ணெயைக் கழற்றுகிற மாதிரியே தோலில் ஈரம் காக்கிற கொழுப்பையும் கழற்றும். இந்த எரிச்சலைக் குறைக்கத் தூளின் அளவைக் குறைத்தாலே போதும். ஒவ்வாமைக்கு அது போதாது. எந்தப் பொருள் என்று கண்டுபிடித்து அதை அடியோடு விட வேண்டும். பெரும்பாலும் அது வாசனைப் பொருளாகவோ, திரவ சோப்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளாகவோ இருக்கும். அப்படிச் சேர்க்கப்படும் மெத்தில் ஐசோதயசோலினோனை அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சலவைப் பொருளில் கெடாமலிருக்கச் சேர்த்த பொருள் எது, ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள் எது என்று பாக்கெட்டில் போட்டாக வேண்டும். நம் ஊர்ப் பாக்கெட்டுகள் பலவற்றில் மலையும் மல்லிகையும் பெரிதாக இருக்கும், முழுப் பட்டியலைத் தேட வேண்டியிருக்கும். இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (சந்தேகமான பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து, உங்களுக்கு ஆகாதது இன்னது என்று பெயர் சொன்னாலும், கடையில் அந்தப் பெயரைப் படித்துப் பார்க்க வழி இருந்தால்தானே பயன்?

சரி, மிச்சம் ஏன் தங்குகிறது? பாதிக் காரணம் தண்ணீர். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரையும் மறு முனை எண்ணெயையும் நாடும் என்பது பள்ளிப் பாடம். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் துணியில் படியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் போர்வெல்கள் சிலவற்றில் இதையும் தாண்டும். நுரை வரவில்லையே என்று இன்னொரு கை தூள் போடுவோம். அதில் உள்ள சோடா கால்சியத்தைச் சுண்ணாம்புத் துகளாக இறக்கும், துண்டு சொரசொரவென்று விறைத்துப்போகும். சொரசொரப்பைப் போக்க கம்ஃபர்ட் மாதிரி ஒன்றைக் கடைசித் தண்ணீரில் ஊற்றுவோம். அதுவோ துணியில் ஒட்டிக்கொண்டு இருப்பதற்கென்றே செய்த பொருள், கூடவே வாசனை. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக மிச்சம் ஏறுகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு சோதனை 2018-இல் வெளியானது. 80 பேரின் தோலைச் சாதாரண நுரைப்பொருள் ஒன்றால், வெவ்வேறு கடினத்தன்மை உள்ள தண்ணீரில் கழுவிப் பார்த்தார்கள். கடினநீரில் கழுவியபோது நுரைப்பொருள் தோலில் கூடுதலாகத் தங்கியது, எரிச்சலும் கூடியது. தோல் அரணைக் கட்டுகிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தில் மரபுக் குறை உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். "எனக்கு மட்டும் ஏன் அரிக்கிறது" என்பதற்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. அதற்காக உடனே ஐம்பதாயிரம் கொடுத்துத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். அதே நாட்டில் எக்ஸிமா என்ற தோலழற்சி உள்ள 336 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய சோதனையில் (2011), வீட்டுக்கு அந்த இயந்திரம் வைத்ததால் நோயில் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

உங்கள் துணியில் மிச்சம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை, தூள் எதுவும் போடாமல் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முக்கிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். சுத்தமான துண்டு என்றால் வருகிற குமிழி உடனே உடைந்துவிடும். வாளி ஓரத்தில் வெள்ளை வளையமாக நுரை கட்டி, தண்ணீரும் பால் கலந்த மாதிரி மங்கினால், அத்தனையும் நீங்கள் உடம்பில் துவட்டிக்கொண்டிருந்தது. அப்படி வந்தால் தூளைப் பாதியாக்குங்கள், இன்னொரு தண்ணீர் அலசுங்கள், கம்ஃபர்ட்டை நிறுத்துங்கள். மெஷினில் கூடுதல் அலசலுக்குப் பெரும்பாலும் தனிப் பொத்தான் இருக்கும். வீட்டில் கார்ப்பரேஷன் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் இரண்டும் வந்தால், நல்ல தண்ணீரைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூந்திக்கொட்டை நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். அதில் உள்ள சப்போனினும் நுரைப்பொருள்தான். கண்ணில் பட்டால் எரியும். செடியிலிருந்து வந்ததால் தோலுக்கு ஆகும் என்று கிடையாது, சேங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதுதான். அப்புறம், வட்டமாகப் பரவி ஓரம் சிவந்திருக்கும் அரிப்பு படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சைத் தொற்று. சலவைத்தூளைக் குறை சொல்லிக்கொண்டு மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசினால், அரிப்பு அடங்கின மாதிரி இருந்து உள்ளே பரவும். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி கறை. இரத்தம், பால், வியர்வைக் கறைகளில் புரதம் உண்டு. சூடான தண்ணீர் ஊற்றினால் புரதம் உறைந்து இழையைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பச்சைத் தண்ணீர்தான். நொதி சேர்த்த தூள் இந்தக் கறைகளுக்கு நன்றாக வேலை செய்யும். நொதி தோலைத் தின்னும் என்ற பயம் பரவலாக உண்டு. 1960-களின் கடைசியில் சலவைத்தூள் தொழிற்சாலைகளில் நொதித் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது உண்மை. அதற்குப் பிறகு நொதியை மணிகளாக்கி உறை போட்டுத்தான் சேர்க்கிறார்கள். வீட்டில் துவைத்து உடுத்துபவர்களின் தோலை அது கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

நான் சொல்ல ஆசைப்படுவது மஞ்சளைப் பற்றி. வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்துகிறது, மஞ்சள் கறை. சோப்பைத் தேய்த்ததும் அது இரத்தச் சிவப்பாகிறது. கறை மோசமாகிவிட்டது என்று பயந்து இன்னும் காட்டமான தூளைத் தேடுகிறோம். நடந்தது வேறு. மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். 1815-இல் பிரித்தெடுத்தார்கள், அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க 1910 ஆயிற்று. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வளையம், நடுவே ஏழு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி, அதில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்று விட்டு ஒன்றாக. இந்த அமைப்பில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் மூலக்கூறின் நீளம் முழுவதும் பரவியிருக்கின்றன. அப்படிப் பரவிய எலக்ட்ரான்களைக் கிளப்ப அதிக ஆற்றல் தேவையில்லை, ஊதாவும் நீலமுமான ஒளியே போதும். அந்த ஒளியைக் குர்குமின் விழுங்கிவிட, மீதி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சோப்பின் காரம் பட்டதும் மூலக்கூறு ஹைட்ரஜனை இழக்கிறது. எலக்ட்ரான்கள் இன்னும் தளர்ந்து, பச்சை ஒளியையும் விழுங்கத் தொடங்குகின்றன. இப்போது மீதி சிவப்பு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் வேட்டியிலும். நல்ல தண்ணீரில் அலசினால் காரம் போய் மறுபடி மஞ்சளாகிவிடும். இந்த நிறமாற்றம் நமக்கு ஓர் உதவியும் செய்கிறது: அலசி முடித்த பிறகும் கறை சிவப்பாகவே இருந்தால், துணியில் காரம் இன்னும் போகவில்லை. தோலுக்கு ஆகாத மிச்சத்தைக் கறையே காட்டிக்கொடுக்கிறது!

இனி வெயில். குர்குமின் விழுங்கிய ஒளியாற்றல் எங்காவது போயாக வேண்டும். அதில் ஒரு பகுதி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, அந்த நடுச்சங்கிலியையே உடைக்கிறது. விழும் துண்டுகளில் ஒன்று வெனிலின், ஐஸ்கிரீமுக்கு மணம் தருகிற அதே பொருள். துண்டுகள் குட்டையானவை. எலக்ட்ரான்கள் பரவ அங்கே இடம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவற்றால் விழுங்க முடியாது, அதனால் நிறமே இல்லை. எந்த நீளம் மஞ்சளுக்கு அந்த அழகான நிறத்தைக் கொடுத்ததோ, அதே நீளம்தான் ஒளியைக் கூப்பிட்டுத் தன்னை உடைத்துக்கொள்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

செய்வது எளிது. குர்குமின் தண்ணீரில் கரையாது, தாளித்த எண்ணெயில்தான் கரைந்து ஏறியிருக்கும். அதனால் கறை உள்ள இடத்தில் மட்டும் கொஞ்சம் சோப்புப் போட்டு எண்ணெயை எடுங்கள். சிவப்பு மறையும்வரை அலசுங்கள். ஈரத்தோடேயே கறை மேலே பார்க்கும்படி வெயிலில் விரியுங்கள். சாயங்காலத்துக்குள் வெளிறிவிடும், மிச்சம் இருந்தால் மறுநாளும் போடலாம். குர்குமினை உடைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு என்பதால், மாடி இல்லாதவர்கள் வெயில் விழும் கண்ணாடி ஜன்னலுக்குள் விரித்தாலும் நடக்கும், கொஞ்சம் மெதுவாக. தோலை உறுத்தும் பொருள் எதுவும் துணியில் சேர்வதில்லை.

குர்குமினை மருந்தாக்க உலகம் முழுக்கக் கோடிகள் செலவாகியிருக்கின்றன. 2017-இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு, நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் உறுதியான வெற்றி எதுவும் இல்லை என்று சொன்னது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, நம் போர்வெல் தண்ணீரில் துவைத்து, நம் வெயிலில் வியர்க்கிறவர்களின் தோலில் என்ன தங்குகிறது என்று பார்ப்பதற்கு வர வேண்டும். வீடு வீடாகத் துணி துவைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

புதுத் துணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூலையில் மஞ்சள் தடவி உடுத்தினால் தோஷம் போகும் என்பார்கள். புதுத் துணியில் இருக்கக்கூடியது மிகைச் சாயமும், கசங்காமலிருக்கப் போட்ட ஃபார்மால்டிஹைடு என்ற உறுத்தும் வேதிப்பொருளின் பூச்சும். மஞ்சள் பொட்டு அவற்றைப் போக்காது. துவைத்துக் காயவைத்து, அப்புறம் மஞ்சள் வையுங்கள், வழக்கமும் நிற்கும்.

வண்ணத் துணியில் கறை பட்டால் கறை மட்டும் தெரியும்படி மடித்து வெயிலில் வையுங்கள். நல்ல சாயம் மஞ்சளைவிட ஒளியைத் தாங்கும். பட்டுக்கு மட்டும் இது எதுவும் ஆகாது. பட்டு ஒரு புரதம். நொதி அதைத் தின்றுவிடும், காரம் மங்கச் செய்யும், நீண்ட வெயில் இழையை நலிவாக்கும். பட்டுப்புடவையில் சாம்பார் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, அன்றைக்கே டிரை க்ளீனிங் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும், பீரோவில் வைக்கும் முன் நிழலில் ஒருநாள் காற்றாட விடுங்கள். கரைப்பானின் வாடை போன பிறகு உடுத்தினால் போதும்.