பயோஅக்யுமுலேஷன்: குவிப்பா, திரட்சியா, தேக்கமா?

சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழியின் நண்டு, மட்டி, இறால் பற்றிப் பேசும்போதெல்லாம் குறுக்கே வந்து விழும் சொல் பயோஅக்யுமுலேஷன். தமிழில் உயிர்க்குவிப்பு, உயிர்த்திரட்சி, உயிர்ச்சேர்மானம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

பொருள் எளிது. ஓர் உயிரி, தண்ணீரிலிருந்தோ இரையிலிருந்தோ சேற்றிலிருந்தோ ஒரு பொருளை உள்ளே வாங்குகிறது. வாங்கும் வேகத்துக்கு அதனால் வெளியேற்ற முடிவதில்லை. மிச்சம் உடம்பில் தங்கிவிடுகிறது. மனிதச் சிறுநீரகத்துக்குள் போன காட்மியம் என்ற உலோகத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு பிடிக்கும்.

'பயோ' என்பது உயிர் வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'அக்யுமுலேஷன்' லத்தீனின் 'குமுலுஸ்', அதாவது குவியல். குமுலஸ் மேகத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதே வேர்தான். நம் 'குவி'யும் அதுவும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.

இனி தமிழுக்கு வருவோம். 'குவிப்பு' என்றால் யாரோ வேண்டுமென்றே குவித்த மாதிரி இருக்கிறது. நண்டு அப்படி எதையும் குவிப்பதில்லை. 'சேர்மானம்' வேதியியல் 'சேர்மத்'தோடு குழம்பும். 'திரட்சி' அழகான சொல், ஆனால் வெண்ணெய் திரள்வதுபோல் ஒன்றுகூடி உருவாவதைச் சொல்கிறது. எனக்குப் பிடித்தது 'தேக்கம்'. வரத்து மிகுந்து போக்கு குறைந்தால் தேங்கும். அறிவியல் சொல்வதும் அதைத்தான். 'உயிர்த்தேக்கம்' என்றால் உயிரே தேங்கியதுபோல் ஆகிவிடும், ஆகவே உயிரித்தேக்கம். நண்டின் உடலில் ஈயம் தேங்குகிறது என்று வினையாகவும் இயல்பாக வரும்.

இதற்கு இரண்டு பங்காளிகள் உண்டு. தண்ணீரிலிருந்து மட்டும் உடம்புக்குள் ஏறுவது பயோகான்சன்ட்ரேஷன், உயிரிச்செறிவு எனலாம். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, படிக்குப் படி அளவு கூடுவது பயோமேக்னிஃபிகேஷன், உயிரிவழிப் பெருக்கம். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசம் இப்படிப் பெருகுவது. எல்லா உலோகமும் அப்படிப் பெருகாது. செய்திகளில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம்.

சொறியை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இழுதுமீன், கடைத்தெருவில் ஜெல்லி மீன், கரையில் சொறி. பட்டால் அரிக்கும் என்பதால் வந்த பெயர் என்றே தோன்றுகிறது; அது மீனே இல்லை என்பதால் சரியான பெயரும்கூட. அதற்குச் செவுளும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. மெல்லிய தோல் வழியாகவே தண்ணீரோடு கொடுக்கல் வாங்கல். ஸ்பெயினில் மார் மெனோர் என்று 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காயல் இருக்கிறது. பக்கத்து மலைகளின் பழைய ஈய, துத்தநாகச் சுரங்கக் கழிவு வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு அதில் கலந்தது. அங்கே பெருகும் ஒருவகைச் சொறிக்கு 'பொரித்த முட்டை' என்று பெயர் (நம்மூராக இருந்தால் 'ஆஃப்பாயில்' என்றிருப்பார்கள்). அதன் உடலில் சில உலோகங்கள், நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். சொறி சில மாதமே வாழும். செத்தால் அடியில் படிந்து, வாங்கியதைச் சேற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

காயல், கழி, ஏரி என்று எதைச் சொன்னாலும் (பழவேற்காட்டை ஊர்க்காரர்கள் ஏரி என்றுதான் சொல்வார்கள்) கடலோடு தண்ணீர் மாறுவது முகத்துவாரத்தை நம்பித்தான். அது மணல்மூடினால் வந்தது வெளியே போகாது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழியில் கலந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்தது. உலோகங்கள் நுண்சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேற்றில் மேய்வதுதான் இறாலும் நண்டும். ஓடிவிடும் மீனைவிட, இருந்த இடத்திலேயே தண்ணீரை வடிகட்டித் தின்னும் ஆழிச் சிப்பியும் மட்டியும் இந்தத் தேக்கத்தை அளக்க ஏற்றவை.

சொல்லைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கை. சொறியின் உடம்பில் 95 சதவீதம் தண்ணீர். உலர்த்தி அளந்தால், அதே உலோகத்தின் செறிவு இருபது மடங்காகத் தெரியும். ஈர எடையா, உலர் எடையா என்று சொல்லாத எண்ணை வைத்துப் பயமுறுத்துவதும் தப்பு, ஆறுதல் சொல்வதும் தப்பு. அடுத்தது, தேங்கியதெல்லாம் நஞ்சு அல்ல. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். நண்டில் செம்பு இருந்தது என்பது செய்தி ஆகாது. எவ்வளவு, சதையிலா குடலிலா, வேறு கழியின் நண்டோடு ஒப்பிட்டால் எப்படி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி.