உருண்டை லைட் இருந்தா பழைய வண்டியா?

புது வண்டியைப் பழசுன்னு நம்பி வாங்கி ஏமாந்து என்கிட்ட வர்றது இந்த மாசம் இது மூணாவது. லண்டன்ல பழைய வண்டி ரிப்பேர் பாக்குறதுதான் என் பொழப்பு. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ரிட்டையர்மென்ட் காசுல '1929 மெர்சிடிஸ்'னு ஒண்ண வாங்கி ட்ரெய்லர்ல ஏத்திட்டு வந்து நின்னாரு, ஸ்டார்ட் பண்ணுங்கண்ணேன்னு சொன்னேன், சத்தம் பின்னாடி இருந்து வந்துச்சு. எனக்கு அப்பவே மனசு கெட்டுப்போச்சு. பானட்டைத் தூக்கினா எஞ்சின் இருக்க வேண்டிய எடத்துல பெட்டி வைக்கிற எடம், பக்கவாட்டுல மின்னுற குழாயெல்லாம் வெறும் அழகுக்கு. கீழ ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மேல ஃபைபர் பாடி. கெசல்னு அமெரிக்காவுல கிட்டா, அதாவது நாமளே பூட்டிக்கிற பாகங்களா வித்தது. அண்ணே, இது காப்பியடிச்ச நிஜமான மெர்சிடிஸ் எஸ்எஸ்கே மொத்தமே 40க்கும் கம்மியாதான் பண்ணாங்க, அது இந்த விலைக்கு எப்படிண்ணே வரும்?

எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றீங்க. உருண்டை லைட், குரோம், கால் வைக்கிற பலகை, வெளிய மாட்டின ஸ்டெப்னி, இது இருந்தா பழசுன்னு முடிவு பண்ணிடுறீங்க. அதெல்லாம் எவன் வேணா எப்ப வேணா பண்ணலாம்ங்க! நிசான் ஃபிகரோ பாக்க 1950கள் மாதிரிதான் இருக்கும், வந்தது 1991, உள்ள பழைய மைக்ரா, 987 சிசி டர்போ. வெளிய நிசான்னு பேரே போடல, அதான் குழம்புறாங்க. ஆனா ஏசி, சிடி ப்ளேயர் எல்லாம் கம்பெனியே போட்டுக் குடுத்தது, அதைப் பாத்தும் 50கள்னு எப்படி நம்புறீங்க? யூலெஸ்னா லண்டன்ல புகை விதிக்கு ஒத்துவராத வண்டிக்குப் போடுற தினக் கட்டணம், அப்படிப்பட்ட பழைய வண்டியில 40 வருஷம் தாண்டி ஹிஸ்டாரிக் வகைக்கு மாத்தினதுக்குத்தான் அது கிடையாது. ஃபிகரோவுக்கு லண்டனுக்குள்ள ஓட்டுற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

மிட்சுவோகாங்கிற ஜப்பான் கம்பெனியோட முதல் வியூட் காரும் அப்படித்தான், மூஞ்சி ஜாகுவார் மாதிரி, நடுவுல கதவும் கூரையும் அப்படியே அடுத்த மாடல் மைக்ரா. அதனால மூஞ்சியைப் பாக்காதீங்க, நடுவுல பாருங்க. சின்ன கம்பெனிக்காரன் பாடியைப் புதுசா அடிச்சிடுவான், பின் லைட், சுவிட்ச், கைப்பிடி பண்ண காசு இருக்காது, பெரிய கம்பெனி சாமான்லதான் எடுப்பான், அவன் குட்டு வெளிப்படுறதும் அங்கதான்.

காந்தம் வச்சுப் பாத்தேன் ஒட்டலன்னு சிலர் சொல்றாங்க. ஒட்டலன்னா ஃபைபர்னு அர்த்தம் இல்ல, பழசு மாதிரி பண்ண பாந்தர் கலிஸ்டா காரு 1982ல வந்தது, ஃபோர்டு எஞ்சின், பாடி அலுமினியம், அதுலயும் ஒட்டாது.

லாக்புக்கை, அதாவது வண்டியோட பதிவுப் பத்திரத்தைப் பாக்காம காசு குடுக்காதீங்க. 1969னு போட்டிருந்தா சந்தோஷப்பட்டுடாதீங்க, பேரு ஃபோக்ஸ்வேகன்னு இருந்தா அது அடியில இருக்குற பீட்டிலோட வயசு. நம்பர் பிளேட் க்யூல ஆரம்பிச்சா அந்த வண்டியோட வயசோ பூர்வீகமோ உறுதியா தெரியலன்னு அர்த்தம்.

ஃபிகரோவும் கலிஸ்டாவும் மோசமான வண்டி இல்ல, எனக்கே ரொம்பப் பிடிக்கும், அதோட பேருல அதோட விலைக்கு வாங்குங்க. அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி எஞ்சின், டேஷ்போர்டு, பின் லைட், சேஸிஸ் நம்பர், நாலு போட்டோ எடுத்து தெரிஞ்ச மெக்கானிக் யாருக்காவது அனுப்பிடுங்க, ப்ளீஸ்.