காவடிப் பலகையை எங்கே அடுக்குவது?

தைப்பூசம் நெருங்கினால் கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காவடி கட்டுபவர்கள் வீட்டில் வெள்ளைப் பலகைகள் குவிந்துவிடும். மயிலோ வேலோ கோபுரமோ, எல்லாம் பொலிஸ்திரின் என்ற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கில்தான். கல்யாண மேடை அலங்காரக்காரர்களின் ஸ்டோரில் வருடம் முழுக்க இதே சரக்கு. கையில் எடுத்தால் கனமே இல்லை. அதனால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) பக்கத்திலேயே சாத்தி வைத்துவிடுகிறார்கள்.

கனமில்லாததற்குக் காரணம் அதன் பிறப்பு. பொலிஸ்திரின் மணிகளுக்குள் பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைக் கொஞ்சம் அடைத்து நீராவி காட்டுவார்கள். மணி இளகும், பென்டேன் விரிந்து அதை 40 மடங்கு வரை ஊத வைக்கும். பிறகு அச்சில் போட்டு மறுபடி நீராவி விட்டால் மணிகள் ஒட்டிக் கட்டியாகும். கட்டியின் கொள்ளளவில் சுமார் 98 விழுக்காடு காற்றுதான். ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 15, 20 கிலோ.

அந்த 15 கிலோவைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எரிந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 40 மெகாஜூல் வெப்பம் வரும், பெட்ரோலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. போதாததற்கு, மணிகளின் சுவர் மிக மெல்லியது என்பதால் சட்டென்று சூடேறிவிடும். ஊதுபத்தி நுனி பட்டால் குழி விழுவதோடு நின்றுவிடும்; 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிச் சுருங்கி, சூட்டை விட்டு அதுவே விலகிக்கொள்கிறது. இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கற்பூரத் தட்டுச் சுடர் நின்று எரிந்தால் கதை வேறு. உருகியது எரிந்தபடியே சொட்டி, கீழே இருப்பதையும் பற்ற வைக்கும். கரி நிறைந்த மூலக்கூறு முழுக்க எரியாமல் கரும்புகையாகும். அதில் கார்பன் மோனாக்சைடும் உண்டு. மூடிய ஸ்டோரில் தீ மூண்டுவிட்டால் அணைக்க நிற்காமல் வெளியே வந்து 999-ஐக் கூப்பிடுங்கள்.

அடுக்கும் இடத்தில் கேஸ் தோம்பு, சூடான ஹாலஜன் விளக்கு, வெல்டிங் எதுவும் கூடாது. வாசலை மறைத்தும் அடுக்காதீர்கள். ஆலையிலிருந்து புதிதாக வந்த கட்டியில் பென்டேன் மிச்சம் இருக்கும். அது காற்றைவிடக் கனமான, எளிதில் பற்றும் ஆவி, தரையோடு தங்கும். லாரியாக இருந்தாலும் ஸ்டோராக இருந்தாலும் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, அப்புறம் இறக்குங்கள். சிகரெட் வேண்டவே வேண்டாம். வெயிலில் போட்டால் புற ஊதாக் கதிர் பட்டு மேற்பரப்பு மஞ்சளாகிப் பொடியும். அந்தப் பொடியைத் துடைக்காமல் பூசினால் சாயம் உரிந்து வரும்.

சாயத்திலும் ஒரு வம்பு இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்தால் மயிலின் கழுத்தில் சிறு குழிகள் விழுந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல் எல்லாமே பொலிஸ்திரினைக் கரைப்பவை. காற்று போனதும் மிஞ்சுவது கொஞ்சம் பசை. முதலில் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்ட் ஒரு பூச்சு. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும்.

சூடான கம்பியால் வெட்டுபவர்கள் அதைச் சிவக்க விடாதீர்கள். சிவந்தால் பலகை இளகுவதோடு நிற்காமல் சிதைந்து, அதன் மூலப்பொருளான ஸ்டைரீன் ஆவியாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி மின்விசிறியை வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.