அமைச்சர் எழுத்தில் பதில் தரவேண்டும்: தென்னாப்பிரிக்க நாடாளுமன்றக் கேள்விகளை நாம் பயன்படுத்துவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் வந்து நின்றார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம்; மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வும் அந்தப் பாடங்களில்தான். "டீச்சர், இவள் மெட்ரிக்கில் தமிழ் எழுத முடியுமா? பள்ளிக்கூடத்தில் கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறார்கள். மேலே கேட்டால் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள் என்கிறார்கள்."

இப்படி அலைந்தவர்கள் டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் நிறையப் பேர். தமிழுக்காக மட்டும் இல்லை. முதியோர் உதவித்தொகை, வீடு, தண்ணீர் என்று எதற்கும் இதே அலைச்சல்தான். இந்த நாட்டில் அமைச்சரையே எழுத்தில் பதில் சொல்ல வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசியல் சட்டத்தின் 92ஆம் பிரிவு, அமைச்சர்கள் ஒவ்வொருவரும் தனியாகவும் எல்லோரும் கூட்டாகவும் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்கிறது. தங்கள் துறையைப் பற்றி முழுமையாகவும் முறையாகவும் அறிக்கை தரவேண்டும் என்றும் சொல்கிறது. இது வெறும் பேச்சாக நின்றுவிடாமல் காப்பாற்றுவது உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்தான். நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையில் 400 உறுப்பினர்கள். அவர்கள் வாய்மொழிப் பதிலும் கேட்கலாம், எழுத்துப் பதிலும் கேட்கலாம். வாய்மொழிப் பதில் தொலைக்காட்சியில் வரும், சூடாக இருக்கும். ஜனாதிபதியும் காலாண்டுக்கு ஒரு முறையாவது சபையில் நின்று பதில் சொல்கிறார். ஆனால் நமக்குப் பயன்படுவது எழுத்துப் பதில்தான்.

உறுப்பினர் கேள்வியை நாடாளுமன்ற அலுவலகத்தில் கொடுப்பார். அது கேள்வித்தாளில் அச்சாகும். ஒரு எண்ணும் கிடைக்கும். எழுத்துப் பதில் கேட்கும் கேள்விக்கு 'என்.டபிள்யூ.' என்று தொடங்கும் எண். அச்சான நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் அமைச்சர் பதில் தரவேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லிச் சபாநாயகரிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். தாமதமாகும் பதில்களும் உண்டு. ஆனால் தாமதமும் பதிவில் நிற்கும், அதைச் சபையில் எழுப்பலாம். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிலைத் தேடவும், பின்னால் மேற்கோள் காட்டவும் அதுதான் கைப்பிடி.

சரி, நாம் நேராகக் கேட்கலாமா? முடியாது, உறுப்பினர்தான் கேட்க வேண்டும். "எங்கள் தொகுதி எம்.பி. யார்?" என்று பலர் என்னிடம் கேட்பார்கள். இங்கே அப்படி ஒருவர் இல்லை. பெரும்பாலும் கட்சிப் பட்டியலுக்குத்தான் வாக்களிக்கிறோம். கட்சிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஊர் பிரித்துக்கொடுத்து அலுவலகம் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒருவர் நமக்கென்று இல்லாததால் 400 பேரில் யாருக்கும் எழுதலாம். எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. என் அனுபவத்தில், அந்தத் துறையின் நாடாளுமன்றக் குழுவில் இருக்கும் உறுப்பினருக்கு எழுதுவதுதான் நல்லது. அவருக்கு விஷயம் தெரியும், கேட்க ஆர்வமும் இருக்கும். ஒரு உறுப்பினர் ஒரு வாரத்தில் எத்தனை கேள்வி கேட்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதனால் பத்துப் பக்கக் கடிதம் அனுப்பாதீர்கள். அப்படியே கொடுக்கக்கூடிய கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதலில் யாரை என்பதைப் பார்ப்போம். இங்கே அரசு மூன்று அடுக்கு: தேசியம், மாகாணம், நகராட்சி. தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் டர்பனில் எதெக்வினி நகராட்சியின் வேலை. அதற்கு முதலில் வார்டு கவுன்சிலர். அரசுப் பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்துவது மாகாணம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சட்டமன்றம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கேயும் கேள்வி கேட்கும் முறை உண்டு. தேசிய அமைச்சர் கொள்கைக்கும் பாடத்திட்டத்துக்கும் பொறுப்பு. கதவு மாறித் தட்டினால் "இது மாகாணத்தின் பொறுப்பு" என்று ஒரு வரியில் பதில் வரும். பதில் தந்த கணக்கு அவர்களுக்கு, ஏமாற்றம் நமக்கு.

அடுத்தது, எப்படி என்பது. இந்த நாட்டுக் கேள்விகளில் ஒரு பழைய வாய்பாடு உண்டு: 'இன்ன திட்டம் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை, இருந்தால் விவரம் என்ன?' இதற்கு வரும் பதில் பெரும்பாலும் "ஆம், துறை உறுதியாக இருக்கிறது" என்பதோடு முடிந்துவிடும். எண்ணிக்கை, இடம், ஆண்டு ஆகிய மூன்றையும் கேட்டால் அப்படி வழுக்கிப் போக முடியாது.

அந்தத் தாயோடு உட்கார்ந்து நாங்கள் எழுதியது இப்படித்தான் இருந்தது. அடிப்படைக் கல்வி அமைச்சருக்கு: குவாசுலு-நட்டாலில் தமிழை ஒரு பாடமாக நடத்தும் அரசுப் பள்ளிகள் எத்தனை, அவற்றின் பெயர் என்ன, கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக மெட்ரிக்கில் தமிழ் எழுதிய மாணவர்கள் எத்தனை பேர், சம்பளப் பட்டியலில் உள்ள தமிழ் ஆசிரியர்கள் எத்தனை பேர், தன் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர் அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்ய என்ன வழி?

அப்புறம் இன்னொரு அமைச்சருக்கும் எழுதினோம். பலருக்கு இது தெரியாது: தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்திலேயே தமிழின் பெயர் இருக்கிறது. 6ஆம் பிரிவு, அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம் என்ற அமைப்பைக் குறிப்பிட்டு, இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளை வளர்க்கவும் அவற்றுக்கு மதிப்பை உறுதிசெய்யவும் அதற்குக் கடமை விதிக்கிறது. அந்த மொழிகளின் வரிசையில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழும் நிற்கிறது. வாரியம் வருவது விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை அமைச்சரின் கீழ். அதனால் அவருக்குக் கேள்வி: கடந்த மூன்று நிதியாண்டுகளில் தமிழுக்காக வாரியம் செய்த பணிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ராண்டு செலவானது? ஒன்றும் செய்யவில்லை என்றால் அதுவும் எழுத்தில் வரட்டும். சட்டம் சொன்னதைச் செய்யவில்லை என்று அமைச்சரே கையெழுத்திட்டுச் சொல்வது சின்ன விஷயமா?

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்பினோம். தமிழ் அரசியல் சட்டத்தில் இருந்தாலும், 12 ஆட்சிமொழிகளில் ஒன்றல்ல.

எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. இதே கேள்வியை யாராவது ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் என்ற அமைப்பு கேள்விகளையும் பதில்களையும் தன் இணையதளத்தில் போடுகிறது. அவற்றைப் படிக்கக் காசு இல்லை. துறை பெயரையும் ஒரு சொல்லையும் போட்டுத் தேடினால் கிடைக்கும். பழைய பதில் இருந்தால் நமக்கு இரட்டை லாபம்: "இன்ன எண்ணுள்ள பதிலில் இப்படிச் சொன்னீர்கள், அதன்பின் என்ன நடந்தது?" என்று கேட்கலாம்.

பதிலைப் படிக்கும்போது பின்னிணைப்பை விடாதீர்கள். முதல் பக்கத்தில் பொதுப்பேச்சு இருக்கும். பள்ளி வாரியான பட்டியல் கடைசியில் இருக்கும். "துறையிடம் இந்தத் தகவல் இல்லை" என்று வந்தால் மனம் தளர வேண்டாம். தகவலே வைத்திருக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான். அதைக் கொண்டு அடுத்த கேள்வியை மாகாணத்துக்கு அனுப்பலாம்.

நம் முன்னோர் 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கினார்கள். 1896இல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நட்டாலின் அரசு இந்தியர்களை நாடாளுமன்ற வாக்குரிமையிலிருந்து விலக்கிச் சட்டம் போட்டது. எல்லோரும் சமமாக வாக்களித்தது 1994 ஏப்ரல் 27இல்தான். கரும்புத் தோட்டத்தில் கூலி பாக்கியைக் கேட்டதற்கே தண்டனை வாங்கியவர்களின் பேத்தி, இன்று அமைச்சரிடம் கணக்குக் கேட்கிறாள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆவணமே வேண்டும் என்றால் வழி வேறு. 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி நீங்களே, எம்.பி. இல்லாமலே, துறைக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வியின் பதிலில் ஏதாவது அறிக்கையின் பெயர் வந்தால், அந்தப் பெயரைக் குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள். மொட்டையாக "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் மறுக்க அவர்களுக்கு எளிது.

அந்தத் தாய் தன் கடிதத்தை இரண்டு நகல் எடுத்தார். ஒன்று வகுப்புக் கோப்பில் இருக்கிறது, அனுப்பிய தேதியோடு. அதே போல எழுத விரும்புகிறவர்கள் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் வாருங்கள். பேனாவும் கோப்பும் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரை மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு வாருங்கள்.