பிசிஎம் ஒசத்தியா, ட்ரூஹெச்டி ஒசத்தியா? முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள்

வீட்டில் ஹோம் தியேட்டர் வைப்பவர்கள், கடலூர் மஞ்சக்குப்பமானாலும் புதுச்சேரி லாஸ்பேட்டையானாலும், தவறாமல் கேட்கும் கேள்வி: “கம்ப்ரஸ் பண்ணாத பிசிஎம்தானே சார் ஒசத்தி? ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ எல்லாம் சுருக்கினதுதானே?”

பிசிஎம் என்பது ஒலியைச் சுருக்காமல் அப்படியே எழுதும் முறை. மற்ற இரண்டும் புளூ-ரே டிஸ்க்கில் ஒலியைச் சுருக்கி வைக்கும் ஃபார்மட்டுகள். ஆமாம், சுருக்கியதுதான். பட்டுப்புடவையை மடித்து பீரோவில் வைத்தால் ஜரிகை குறைந்துவிடுமா என்ன?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பிசிஎம்மில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 11,52,000 பிட். 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து எட்டு சேனல், நொடிக்கு 9.2 மெகாபிட். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒலி மட்டுமே 8 ஜிபியைத் தாண்டும். சப்வூஃபர் சேனலில் பத்து நிமிடம் சத்தமே இல்லை என்றாலும், பிசிஎம் நொடிக்கு 48,000 பூஜ்யங்களை எழுதிக்கொண்டே இருக்கும். ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற, எதையும் இழக்காமல் சுருக்கும் ‘லாஸ்லெஸ்’ முறை அதே இடத்தை “இங்கே ஒன்றுமில்லை” என்று சுருக்கமாகக் குறித்துவிடும். விரிக்கும்போது ஒரு பிட்கூட மாறாது. டிவிடியின் 448 கிலோபிட் டால்பி டிஜிட்டல் வேறு ரகம். காதுக்குத் தெரியாது என்று கணித்ததை வெட்டி எறிந்துவிடும், திரும்ப வராது. ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸும் அப்படித்தான்.

பிறகு ஏன் ஒரே படத்தில் பிசிஎம் டிராக்குக்கு மாற்றினால் ‘பஞ்ச்’ கூடுகிறது? ட்ரூஹெச்டியுடன், வசனம் எவ்வளவு சத்தம் என்று சொல்லும் டயலாக் நார்மலைசேஷன் என்றொரு குறிப்பு வரும். அதைப் படிக்கும் ரிசீவர் (ஒலியை விரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒலியைக் குறைத்துவிடும், பல டிஸ்க்குகளில் 4 டெசிபல். கொஞ்சம் சத்தமாகக் கேட்பதைக் காது ‘நல்ல ஒலி’ என்று நம்பிவிடும். வால்யூமை 4 டெசிபல் ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள், வித்தியாசம் காணாமல் போகும். ரிசீவரில் டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) ‘ஆட்டோ’வில் இருந்தால், வெடிச்சத்தம் வசனத்தின் மட்டத்துக்கு அமுங்கலாம். அதை ஆஃப் செய்யுங்கள்.

தரம் உண்மையில் போகும் இடம் புளூ-ரே பிளேயரின் மெனு. ‘செகண்டரி ஆடியோ’ ஆனில் இருந்தால், மெனுவின் ‘டிக்’ சத்தத்தைக் கலப்பதற்காகப் பிளேயரே டீகோட் செய்யும், அதாவது சுருக்கியதை விரிக்கும். பிட்ஸ்ட்ரீம் (விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) வைத்திருந்தாலும், பல மாடல்கள் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ மாற்றித்தான் அனுப்பும். பல ஆயிரம் ரூபாய் ரிசீவருக்கு ஒரு ‘டிக்’ சத்தம் வைக்கும் வேட்டு இது! ஆஃப் செய்துவிட்டு பிட்ஸ்ட்ரீம் தேர்ந்தெடுங்கள். பிளேயரே டீகோட் செய்து பிசிஎம்மாகக் கொடுத்தாலும் 7.1 வரை தரம் குறையாது, ஆனால் தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸின் உயரத் தகவல் ரிசீவருக்குப் போகாது. டிஸ்க் போட்டதும் ரிசீவர் டிஸ்ப்ளேயில் ‘அட்மாஸ்’ அல்லது ‘ட்ரூஹெச்டி’ என்று வருகிறதா பாருங்கள். ‘டால்பி டிஜிட்டல்’ என்று வந்தால் எங்கோ மாறியிருக்கிறது.

ஆப்டிகல் ஒயரில் லாஸ்லெஸ் 5.1 போகாது, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் பழைய ஏஆர்சியிலும் போகாது. அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஏஆர்சியில் போகும், ஆனால் அது டிவி, ரிசீவர் இரண்டிலுமே இருக்க வேண்டும். பேசாமல் பிளேயரை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ இன்புட்டில் செருகுவதே மேல்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஸ்பீக்கர் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால், ஃபார்மட்டைக் குறை சொல்லாதீர்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் செம்பு ஒயரின் முனை பச்சை பூத்துவிடும். ரிசீவரை அணைத்து, பச்சை படிந்த பகுதியை வெட்டி, பளபளவென்று செம்பு தெரியும் இடத்தில் மேலுறையை 1 சென்டிமீட்டர் சீவி, இறுக்கமாக முறுக்கி மாட்டுங்கள். ஒரு இழைகூட பக்கத்து டெர்மினலைத் தொடக்கூடாது.