ஷெரீப்: யார் இவர், தமிழில் என்ன சொல்வது?

ஷெரீப் என்றதும் சட்டையில் நட்சத்திர வில்லையோடு குதிரையில் வரும் அமெரிக்கப் படத்து ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அதனாலேயே மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லைக் கண்டால் 'காவல்துறை அதிகாரி' என்று போட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துச் செய்தி ஒன்றில் அப்படிப் போட்டால் ஒரு நீதிபதியைப் போலீஸ்காரர் ஆக்கிவிடுவோம். மும்பைச் செய்தியில் போட்டாலும் தவறுதான்.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலம். யார்க்‌ஷயர் போன்ற இடப்பெயர்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஷயர்' என்பது ஒரு நாட்டுப்பிரிவு. 'ரீவ்' என்பவர் அந்தப் பிரிவை அரசனுக்காக மேற்பார்வை பார்த்தவர். 'ஷயர் ரீவ்' நாக்கில் தேய்ந்து ஷெரீப் ஆயிற்று. அரபியில் மேன்மையானவர் என்ற பொருளில் 'ஷரீஃப்' என்றொரு சொல் உண்டு. இஸ்லாமியப் பெயர்களில் வருவது அது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே இந்தப் பதவி இருந்தது. வரி வசூல், ஷயரின் மன்றத்தைக் கூட்டுவது, குற்றவாளியைத் துரத்த ஊராரைத் திரட்டுவது எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தன. அவ்வளவு அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-ஆம் ஆண்டு மகாசாசனத்தில் (மேக்னா கார்ட்டா) ஷெரீப்புகளுக்குக் கடிவாளம் போடும் பிரிவுகள் பல உள்ளன. சம்மதம் இல்லாமல் குடிமக்களின் குதிரையையும் வண்டியையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 30-ஆவது பிரிவு. அரசனின் நீதி அதிகாரத்துக்கு உரிய பெருங்குற்ற வழக்குகளை ஷெரீப் விசாரிக்கவே கூடாது என்கிறது 24-ஆவது பிரிவு.

இந்த 24-ஆவது பிரிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தீர்ப்பு சொல்வது ஒருவர் வேலை, அதை நடத்திவைப்பது இன்னொருவர் வேலை என்ற பிரிவினை இங்கிலாந்தில் இப்படித்தான் மெல்ல உறுதிப்பட்டது. அதன்பின் ஷெரீப் நீதிமன்றத்தின் கையாக ஆனார். அழைப்பாணையை உரியவரிடம் சேர்ப்பது, ஜூரிகளைத் திரட்டுவது, கைதியைக் காவலில் வைப்பது, கடனைக் கட்டாதவரின் பொருளைக் கைப்பற்றி ஏலம் விடுவது, மரண தண்டனை இருந்த காலத்தில் அதை நிறைவேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தக் கைக்கும் எல்லை வேண்டியிருந்தது. 1604-இல் லண்டன் ஷெரீப் சம்பந்தப்பட்ட செமெய்ன் வழக்கில், கடன் போன்ற உரிமையியல் விவகாரத்துக்காக ஒருவர் வீட்டுக் கதவை உடைத்துப் புகக் கூடாது என்று சொல்லப்பட்டது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியைப் பார்க்கலாம். பொழுது சாய்ந்த பிறகும் பொழுது விடிவதற்கு முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகைக்கும் விலக்கு உண்டு. கடன்பட்ட குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 'உயர் ஷெரீப்' இப்போது ஓராண்டு கௌரவப் பதவி. சம்பளம் கிடையாது. பெயர்ப்பட்டியலில் வெள்ளி ஊசியால் அரசர் குத்துவதுதான் நியமன முறை. தீர்ப்பை நிறைவேற்றும் வேலை, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தனி அலுவலர்களுக்குப் போய்விட்டது. ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. அங்கே ஷெரீப் என்றால் நீதிபதி. ஆணைகளைக் கொண்டுபோய் நிறைவேற்றுபவர் 'ஷெரீப் ஆபீசர்'. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட மக்கள் வாக்களித்து ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரோந்து, மாவட்டச் சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, ஆணை சேர்ப்பு எல்லாம் பெரும்பாலும் அவர் தலையில்தான். பின்னாளில் குடியரசுத் தலைவரான குரோவர் கிளீவ்லேண்ட், 1870-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஈரி மாவட்ட ஷெரீப்பாக இருந்தவர். இரண்டு தூக்குத் தண்டனைகளைத் தன் கையாலேயே நிறைவேற்றினார்.

சென்னைக்கும் ஒரு ஷெரீப் இருந்தார். 1726-ஆம் ஆண்டு அரச சாசனம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்களை ஏற்படுத்தியபோது, அவற்றின் ஆணைகளை நிறைவேற்ற ஷெரீப்பும் வந்தார். காலப்போக்கில் நடைமுறை வேலையை அலுவலகமும் துணை ஷெரீப்பும் பார்த்துக்கொள்ள, ஷெரீப் நகரத்தின் மரியாதைக்குரிய முகமாக மட்டும் ஆனார். பிரமுகர்களை வரவேற்பார், பொதுக்கூட்டமும் இரங்கல் கூட்டமும் கூட்டுவார். 1980-களில் ஏவி.எம். சரவணன் சென்னை ஷெரீப். 1980-இல் நடிகர் திலீப் குமார் பம்பாய் ஷெரீப். சென்னையில் பதவி 1990-களின் இறுதியில் ஒழிக்கப்பட்டது. மும்பையில் கப்பலைச் சிறைபிடித்து ஏலம் விடும் நீதிமன்ற ஆணைகள் ஷெரீப் அலுவலகத்தின் வழியே நிறைவேறியிருக்கின்றன.

சென்னையைத் தாண்டிய ஊர்களில் இதே வேலையைச் செய்தவரை மக்கள் 'அமீனா' என்றார்கள். நம்பகமானவர் என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது அது. 'அமீனா வந்துட்டார்' என்றால் வீடே கலங்கிப்போகும். இலங்கையில் இதற்கு இணையான பதவி டச்சுக்காரர் விட்டுச்சென்ற பெயரில் 'பிஸ்கால்'. தமிழ்நாட்டு நீதித்துறையில் இப்போது, நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ஊழியரான பெய்லிஃபுக்கு 'கட்டளை நிறைவேற்றுநர்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல். கேட்டவுடனே வேலை புரிகிறது.

சரி, ஷெரீப்புக்கு எந்தத் தமிழ்ச்சொல்? எல்லா நாட்டுக்கும் ஒரே சொல்லைத் திணிக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். நீதிமன்ற ஆணையை நடத்திவைக்கும் பணியைச் சொல்லும்போது 'கட்டளை நிறைவேற்றுநர்' பொருந்தும். மும்பை, இங்கிலாந்து கௌரவப் பதவிகளுக்கு 'ஷெரீப்' என்றே எழுதலாம். ஸ்காட்லாந்து என்றால் 'ஷெரீப் நீதிபதி'. அமெரிக்கா என்றால் 'மாவட்ட ஷெரீப்' என்று எழுதி, தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதை ஒருமுறை சொல்லிவிடலாம். நார்மானியருக்கு முந்தைய ஷயர் ரீவுக்கு மட்டும் நம்மிடம் கிட்டத்தட்ட அச்சாகவே ஒரு பெயர் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'நாடு கண்காணி நாயகம்'. நாடு என்பது ஊர்களுக்கு மேற்பட்ட நிலப்பிரிவு, கண்காணி என்பது மேற்பார்வை. இடைக்கால இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் 'நாட்டுக் கண்காணி' என்று தயங்காமல் எழுதலாம்.