தேருக்கு முந்தின நாள் தளம் போடாதீர்கள்

கட்டட வேலைக்கு அட்டவணை போடும்போது நாங்கள் மழையைப் பார்ப்போம், சிமெண்ட் விலையைப் பார்ப்போம், வீட்டுக்காரர் கைக்கு பேங்க் லோன் எப்போது வரும் என்று பார்ப்போம். ஊர்த் திருவிழாவைப் பார்க்க மாட்டோம். மயிலாப்பூரில் ஒரு தளத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் நான் பார்க்கவே ஆரம்பித்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால், மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மொட்டைமாடித் தளம். 24 கன மீட்டர், ஆலையிலேயே கலந்து லாரியில் வருகிற ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் நாலு லோடு. கபாலீஸ்வரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா நடந்துகொண்டிருந்தது. ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர் என்பது தெரியாமல் இல்லை, தெரிந்துதான் ஆறாம் நாள் மத்தியானமே போட்டு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே, "சார், நாளைக்குத் தேர். சாயங்காலமே ரோட்டை அடைச்சிடுவாங்க, வேணாமே" என்றார். நான்தான் கேட்கவில்லை.

மூன்று லோடு வந்து இறங்கியது. நாலாவது வண்டி லஸ் முனைப் பக்கம் தடுப்புக்கு அந்தப்புறம் நின்றுவிட்டது. ரெடிமிக்ஸுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 4926 தருகிற கெடு, ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரம். கலவை தாமதமாக இறுகும்படி ரிடார்டர் சேர்த்து வாங்கினால் இன்னும் கொஞ்சம் நீட்டலாம், நான் கேட்டு வாங்கவில்லை. வண்டி சந்துக்குள் நுழையும்போது மூன்று மணி நேரம் ஆகப்போகிறது, டிரைவர் டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே "இளகிடும் சார்" என்கிறார். திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

அதற்குள் மேலே போட்டது இறுக ஆரம்பித்திருந்தது. இரண்டு பீமுக்கும் நடுவில், வெட்டு விசை (தளத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கிற விசை) குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு மூட்டு விட்டோம், பழைய கான்கிரீட்டோடு புதியது சேருகிற இடம் அது. மறுநாள் தேர், அதற்கு மறுநாள் அறுபத்து மூவர், சந்து வாசலில் நீர்மோர்ப் பந்தல். கான்கிரீட் பம்ப் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்றது, வாடகை ஓடியது. மூன்றாம் நாள் கம்பியில் காய்ந்து ஒட்டியிருந்த சிமெண்ட் பாலைத் தேய்த்தெடுத்து, மூட்டைக் கொத்திவிட்டு மிச்சத்தைப் போட்டோம்.

இதில் நான் கற்றது இவ்வளவுதான்: போலீஸ் அறிவிப்பில் தடை ஒரு நாள் என்று இருக்கும், சைட்டுக்கு அது மூன்று நாள். முந்தின சாயங்காலம் கட்டை கட்டுவார்கள், மறுநாள் குப்பை அள்ளி முடிகிறவரை லாரி வராது. தளத்துக்கும் போடுகிற நாளோடு கதை முடிவதில்லை. ஐ.எஸ். 456 படி, தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள் கழித்துத்தான் அடியில் கொடுத்த முட்டுக்கால்களை எடுக்கலாம், 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள். ஆக, போடுகிற தேதியை மட்டும் தப்பித்தால் போதாது, ஏழாவது நாளும் பதினாலாவது நாளும் எங்கே போய் விழுகின்றன என்று எண்ண வேண்டும். தளத்தைத் தாங்கி நின்ற ஜாக்கியையும் ஷீட்டையும் ஏற்ற வண்டி வர முடியாத நாளில் விழுந்தால் சென்ட்ரிங் வாடகை உங்கள் தலையில். போட்ட கான்கிரீட்டை நனைத்து நீராற்ற லாரித் தண்ணீரை நம்பியிருந்தால் இன்னும் மோசம்.

பஞ்சாங்கத்தில் உள்ளவை ஒரு வருடம் முன்பே தெரியும். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா, இது மாறாது. விநாயகர் ஊர்வலம் போகிற திருவல்லிக்கேணித் தெருக்களும் அப்படித்தான். பிரச்சினை, கடைசி நேரத்தில் வருகிறவை. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது அவர் போகிற சாலைகளில் கனரக வண்டிகளைக் கட்டுப்படுத்தினார்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருகிற எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) ஜல்லியும் ஜி.எஸ்.டி. சாலை என்கிற சென்னை–செங்கல்பட்டு நெடுஞ்சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. சில நேரம் நிகழ்ச்சியே நகர்ந்துவிடும். தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 பந்தயம் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. டிசம்பரை விட்டுவிட்டு ஆகஸ்டில் வேலை வைத்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இப்போதெல்லாம் பெரிய கான்கிரீட் ஏதாவது இருந்தால், ஒரு வாரம் முன்பே உள்ளூர் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன். ஒரு டீ செலவுதான்.

ரோடு வெட்டுவது தனிக் கணக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாநகராட்சி சாலை வெட்டை நிறுத்திவிடும். குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கு அதற்குள் வெட்டி மூடவில்லை என்றால் வீடு முடிந்தும் குடிபோக முடியாது.

அப்புறம் கூலி. தடை நாளில் சித்தாளுக்கு வேலை இல்லை என்றால் அன்றைக்கு அந்தம்மா வீட்டு அடுப்புக்கும் வேலை இல்லை. உள்ளே பூச்சு, வயரிங்குக்குக் காடி வெட்டுவது, டைல்ஸ் என்று அந்த நாட்களுக்கென்றே ஒதுக்கி வைத்து, சிமெண்டையும் மணலையும் இரண்டு நாள் முன்பே உள்ளே இறக்கிவிடுங்கள், தெருவில் கொட்டினால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்காரரோடு போடுகிற ஒப்பந்தத்தில், காவல்துறையோ மாநகராட்சியோ நிறுத்துகிற நாட்கள் கெடுவில் சேராது என்று ஒரு வரி எழுதுங்கள், பம்ப் வாடகை, காத்திருப்புக் கூலி யார் பொறுப்பு என்றும். எழுதாததால் அன்றைய வாடகை முழுவதும் என் கையை விட்டுப் போனது.

அந்த மூட்டின் மேல் இரண்டு முறை வாட்டர்புரூஃபிங் செய்துவிட்டோம். ஆனாலும் ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் வீட்டுக்காரர் போன் பண்ணுவார். சீலிங்கில் நேர்கோடு போட்ட மாதிரி ஈரம், போட்டோவும் அனுப்புவார்.